மண்ணைக் கேளாமல் நடும் மரங்கள்

மரம் நடுவதைப் பற்றி நம் சூழலில் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை. கன்றுகளின் எண்ணிக்கை அறிவிக்கப்படுகிறது, கைதட்டுகிறோம். அவை எந்த மண்ணில் இறங்குகின்றன என்று கேட்பவர் பசுமையின் எதிரியாகிவிடுகிறார். அந்தப் பழியை ஏற்றுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நீலகிரியின் உயரங்களில் சோலைகளுக்கிடையே விரிந்த புல்வெளிகள் தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல்நிலம்; மழையை வாங்கிவைத்து ஓடைகளுக்குத் தரும் நிலம். மரமில்லை என்பதற்காக ஆங்கிலேயர் அவற்றை வீண்நிலமாகக் கண்டனர். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் சீகையும் கற்பூரமரமும் அங்கே வந்தன. விடுதலைக்குப் பின் தோல்பதனிடலுக்கும் காகிதக்கூழுக்கும் என்று நாமும் அதையே பெருக்கினோம்.

சீகை வெறும் மரமல்ல. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. உதிரும் இலைகள் வழியாக அது மண்ணில் சேர்கிறது. எந்த நுண்ணுயிர் பெருகும், எது பின்வாங்கும் என்ற பழைய கணக்கு குலைகிறது. மரத்தை வெட்டியபின்னும் அந்த மாற்றம் மண்ணில் நீடிக்கிறது. பல பத்தாண்டுகள் உறங்கவல்ல சீகை விதைகளும் அங்கேயே காத்திருக்கின்றன. வெட்டியதோடு மீட்பு முடிந்தது என்பவர்கள் நிலத்தின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறார்கள்.

நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய ஒரு பரிசோதனையைச் சொல்லவேண்டும். உழுது கைவிடப்பட்ட வயல்களில் ஒருபகுதிக்குப் புல்வெளி மண்ணையும் இன்னொருபகுதிக்குப் புதர்வெளி மண்ணையும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் தூவினார்கள். ஆறாண்டுகளில் அந்தந்த இடம் தனக்கு மண் தந்த நிலத்தின் திசையில் வளர்ந்திருந்தது. 2016இல் முடிவுகள் வெளியாயின. தூவிய மண்ணில் விதைகளும் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் செடிகள் மட்டுமல்ல, மண்ணின் உயிர்க்கூட்டமும் அதே திசையில் மாறியிருந்தது.

இது எங்கும் பலிக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. தூவுவதற்கு நல்ல மண் எங்கோ மிஞ்சியிருக்கவேண்டும் என்பதே இதன் முதல் நிபந்தனை. எஞ்சிய புல்வெளித் துண்டுகளில் இன்றும் குழிதோண்டிக் கன்று நடுவோமென்றால், நாளைய மீட்புக்கான விதைநெல்லையே தின்றவர்களாவோம்.

எழுதுகிற நமக்கும் இதில் பங்குண்டு. பசுமை என்றால் மரம், மரமற்றது பாழ் என்று எழுதிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலேயர் ஏட்டிலிருந்த அந்தச் சொல்லை முதலில் நம் மொழியிலிருந்து நீக்குவோம். பிறகு நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அல்ல, பத்தாண்டுக்குப் பின் அந்த மண்ணில் என்ன வாழ்கிறது என்பதைக் கேட்போம்.