கணினியும் மாணவரும்

மாமல்லபுரத்துத் தெருக்களில் நடப்போர் செவியில் உளியின் ஓசை விழுதல் இயல்பு. சிற்பியின் பட்டறையில் உளிகள் பல கிடக்கும். அவற்றை நாள் முழுதும் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பவன் சிற்பி ஆவானோ? ஆகான். உளியைக் கையில் எடுத்துக் கல்லைத் தொடுபவனே சிற்பி ஆவான். இந்நாளில் நம் இல்லம் புகுந்துள்ள கணினியும் உளி போன்றதொரு கருவியே.

2011 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. சிற்றூர் வீடுகள் பலவற்றிலும் கணினி இடம் பெற்றது. ஆயினும், படம் பார்க்கும் பெட்டியாகவே அது நின்றுவிட்ட வீடுகளும் உள. பிறர் ஆக்கியதைக் காட்டும் மென்பொருளினும், நம்மை ஆக்கத் தூண்டும் மென்பொருளே சிறந்தது என்பது என் துணிபு. அத்தகைய மூன்றனை ஈண்டுக் கூறுவேன். மூன்றும் விலையின்றிக் கிடைப்பன.

முதலாவது, தமிழில் எழுத உதவும் 'இ-கலப்பை'. என் பெயரன் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுதிக்கொண்டிருந்தான். "தாத்தா, 'ழ' எழுத எந்த ஆங்கில எழுத்தைத் தட்டவேண்டும்?" என்று வினவினான். அவ்வினா என்னை வருத்தியது. தன் வீட்டினுள் நுழைய அயல்வீட்டு வாயிலைத் தேடுவார் உண்டோ? தொடக்கத்தில் அம்முறை எளிதென்பதை யான் மறுக்கவில்லை. ஆயினும், 1999 இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகை நமக்குக் கிடைத்துள்ளது. இ-கலப்பையில் அதனைத் தெரிந்துகொள்ளலாம்.

அவ்விசைப்பலகையில் உயிரெழுத்துகள் யாவும் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன. மற்ற எழுத்துகளுள் பெரும்பாலன வலக்கைப் பக்கம் உள்ளன. அ, இ, உ என்னும் குறில்களுக்கு நேர்மேலே ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள் நிற்கின்றன. ம, ம, ஆ என்று தட்டினால் முதல் மகரம் தானே புள்ளி பெற்று 'ம்மா' என்றாகும். ங, க என்று தட்டினால் 'ங்க' என்று வரும். மெல்லினத்தின் பின் அதன் இனமான வல்லினம் வரும் என்பதை அக்கருவியும் அறிந்துள்ளது! யான் வகுப்பறையில் பல ஆண்டு கற்பித்த எழுத்திலக்கணத்தை என் பெயரனின் விரல்கள் சில கிழமைகளில் கற்றுக்கொண்டன.

இரண்டாவது, விண்ணைக் காட்டும் 'ஸ்டெல்லேரியம்'. பிரான்சு நாட்டவர் ஒருவர் தொடங்கி, பல நாட்டார் கைகோத்து வளர்த்த மென்பொருள் இது. எங்கள் ஊராகிய திருவிடந்தையின் இருப்பிடத்தை அதில் குறித்தால், எம் கடற்கரைக்கு மேலுள்ள வானம் திரையில் விரியும். காற்று மண்டலத்தை நீக்குமாறு பணித்தால் நண்பகலிலும் விண்மீன்கள் தோன்றும். வடமீன் எம் ஊரில் அடிவானிலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டன் நகருக்கு மாற்றினால் அது 51 பாகைக்கு மேல் ஏறிவிடும். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்ல வடமீன் உயரும் என்னும் உண்மையை இங்ஙனம் கண்ணாரக் காணலாம்.

ஆனால், திரையோடு நின்றுவிடாதீர்கள். முன்னிரவில் பெரியோர் ஒருவரைத் துணைகொண்டு கடற்கரைக்குச் செல்லுங்கள். நீட்டிய கையின் முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். சவுக்குத் தோப்பு மறைக்காத இடத்தில் நின்று வடக்கே அளந்து பாருங்கள். திரையில் கண்டதை வானம் மெய்ப்பிக்கும்பொழுது உண்டாகும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

மூன்றாவது, அமெரிக்க நாட்டின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007 இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்'. கட்டளைகள் எழுதிய வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி நாமே விளையாட்டை உருவாக்கலாம். திரையில் ஒரு மீனை நீந்தவிடுங்கள். வலை மீனைத் தொட்டால் மதிப்பெண் ஒன்று கூடுக என்று விதி வகுங்கள். மதிப்பெண் கூடவில்லையேல், கட்டளையில் பிழை எங்கே என்று தேடுங்கள். பிழை தேடும் அப்பொழுதே அறிவு கூர்மை பெறுகின்றது. பிறர் செய்த ஆட்டத்தில் வெல்லுதல் ஒரு மகிழ்ச்சி. தாமே ஓர் ஆட்டத்தைப் படைத்துத் தம்பி தங்கையர் கையில் கொடுத்தல் அதனினும் பெரிய மகிழ்ச்சி.

விளையாட்டால் காலம் வீணாகாதோ எனப் பெற்றோர் அஞ்சுதல் இயல்பே. அவ்வச்சம் முற்றிலும் தவறென்று கூறேன். அளவு கடந்தால் அமிழ்தும் நஞ்சாம். ஆதலின், கணினியை மூடும்பொழுது நீங்களே உங்களை ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று யான் எதனை ஆக்கினேன்?" ஒரு பத்தித் தமிழோ, ஒரு விண்மீனின் பெயரோ, ஒரு சிறு விளையாட்டோ விடையாக வருமாயின், அந்த நேரம் வீணன்று.

மாணவர்களே! உளி உங்கள் கையில் இருக்கின்றது. அதனைப் பார்த்துக்கொண்டே இராதீர்கள், கல்லைத் தொடுங்கள்.