தள்ளினா ஸ்டார்ட் ஆகாது

ஸ்கூட்டியத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. இத முதல்ல சொல்லிட்டு மத்ததுக்கு வாறோம். பாலாவிச் சந்தியில ஒரு ஸ்கூட்டி நின்டுட்டா, சுத்தி நிக்கிற நாலு பேரும் முதல்ல செய்யப் பாக்கிறது அதத்தான். கியர் உள்ள பைக் எண்டா சரி. கியரப் போட்டுத் தள்ளி கிளச்ச விட்டா, சில்லு எஞ்சினச் சுத்தும். ஸ்கூட்டியில இருக்கிறது பெல்ட்டும், எஞ்சின் வேகமாச் சுத்தினா மட்டும் பிடிக்கிற கிளச்சும். எஞ்சின் ஓடல்லண்டா கிளச் பிடிக்காது. நீங்க புத்தளம் வரைக்கும் தள்ளினாலும் சில்லு சுத்துறது எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது.

நம்ம பக்கம் ஸ்கூட்டியில போறவங்கள்ல நிறையப் பேர் பொம்புளப் பிள்ளைகள். டீச்சர், கிளாஸுக்குப் போறவங்க, கடையில நிக்கிறவங்க. புத்தளம் டவுனுக்கும் போறாங்க, அந்தப் பக்கம் நுரைச்சோலை, கற்பிட்டிக்கும் போறாங்க. கற்பிட்டி ரோடு மட்டும் 40 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். அதுல பாதி வழியில வண்டி நின்டா பேச்சு விழுறது பிளக்குக்கு இல்ல, பிள்ளைக்கு. "அதுக்குத்தான் சொன்னது, நானாவோட போ எண்டு." அடுத்த கிழமையிலிருந்து அந்தப் பிள்ளையின்ட பயணம் வேற யாரோட நேரத்தையோ பாத்துத்தான். ஒரு பியூஸ் போனதுக்கு இவ்வளவு விலை குடுக்கணுமா?

அதனால எங்கட கருத்து இதுதான்: ஸ்கூட்டி ஓடப் பழக்கிறவங்க, அது ஏன் ஸ்டார்ட் ஆகல்ல எண்டு பாக்கவும் பழக்கணும். அனுமதிப்பத்திரத்துக்கு வீதிச் சின்னங்களப் பாடமாக்குறோம். சீட்டுக்கு அடியில பெட்டரி எங்க இருக்குது எண்டு யாரும் காட்டித் தாறதில்ல.

இப்ப இது இன்னும் அவசியம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிறுத்தினாங்க. தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியிலதான். அந்த அஞ்சு வருஷமும் நாம பழசத்தான் இழுத்துக்கிட்டு வந்தோம். நடுவுல 2022. ஒரு பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அதுக்கும் கியூஆர். அப்ப நிறைய ஸ்கூட்டி மாசக்கணக்கில வீட்டு ஓரத்தில நின்டுச்சு. தேங்கி நிக்கிற பெற்றோல் பழசாகி, காபுரேட்டருக்குள்ள பிசுபிசுன்னு படிஞ்சு, மயிர் மாதிரி இருக்கிற ஜெட் ஓட்டைய அடைச்சிரும். நீங்க பழைய ஸ்கூட்டி வாங்குறதா இருந்தா, அது எவ்வளவு காலம் நின்ட வண்டி எண்டு கேளுங்க. எத்தனை கிலோமீற்றர் ஓடினது எண்டு கேக்கிறத விட இது முக்கியம்.

பாலாவிக்கு இன்னொரு தொல்லை இருக்குது. உப்பு. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் களப்பு, அதுக்கு அங்கால கடல். உப்புக் காத்துல ஈரம் நிக்கும், செம்பு வயர் பச்சை பிடிக்கும், பெட்டரி முனையில வெள்ளைப் பொடி பூக்கும். கரண்ட் இருந்தும் போகாது. 'பெட்டரி செத்துட்டு' எண்டு புதுசு வாங்குறதுக்கு முதல் அந்த முனையப் பாருங்க. கழட்டும்போது நெகட்டிவ முதல்ல, மாட்டும்போது கடைசியா. சுடுதண்ணியில அப்பச்சோடா கரைச்சுப் பழைய பல்துலக்கியால தேச்சு, நல்லாக் காய விட்டு, இறுக்கி மாட்டி, மேல வாசலின் பூசினாப் போதும்.

சரி, வண்டி நின்டுட்டு. என்ன செய்யிறது?

முதல்ல வெக்கப்படாமச் சின்னதுகளப் பாருங்க. எஞ்சின் ஓஃப் சுவிட்ச் இருக்கிற வண்டியில அது தட்டுப்பட்டிருக்கலாம். சைட் ஸ்டாண்ட் போட்டிருந்தா சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பிரேக்க அமத்தாட்டியும் செல்ஃப் அடிக்காது. பெற்றோல் இருக்குதா எண்டு மீட்டர நம்பாம, மூடியத் திறந்து வண்டிய ஆட்டிப் பாருங்க.

அடுத்தது காது. 'டிக் டிக்' எண்டு மட்டும் கேட்டா பெட்டரி பலவீனம், இல்லாட்டி முனை லூஸ். ஒண்டுமே கேக்கல்ல, லைட்டும் இல்ல எண்டா பியூஸப் பாருங்க. பழைய காபுரேட்டர் வண்டி பெட்டரி பலவீனமா இருந்தாலும் கிக்கருக்கு ஸ்டார்ட் ஆகும். இன்ஜெக்ஷன் வண்டி அப்படியில்ல, பெற்றோல் பம்ப்புக்கே கரண்ட் வேணும். சாவியத் திருப்பினதும் 'ஙீ' எண்டு ஒரு சின்னச் சத்தம் வரும். அது வரல்லண்டா நீங்க எவ்வளவு உதைச்சும் கால்தான் நோகும்.

எஞ்சின் சுத்துது, ஆனாப் பத்துதில்ல எண்டா பிளக்கக் கழட்டுங்க. நனைஞ்சிருந்தா பெற்றோல் கூடிட்டு. துடைச்சுக் காய வச்சு மாட்டி, எக்ஸிலேட்டர முழுசாத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் உதைச்சா மிச்சப் பெற்றோல் வெளியேறும். காஞ்சு கிடந்தா பெற்றோல் வந்து சேரல்ல. கரி பிடிச்சுக் கறுத்திருந்தா எயார் பில்டரையும் திறந்து பாருங்க, கற்பிட்டி ரோட்டு மணல் அங்கதான் போய் உக்காந்திருக்கும். நெருப்புப் பொறி வருதா எண்டு பாக்கிறதுக்கு பிளக்க எஞ்சின் உலோகத்தில சாய்ச்சு வச்சு உதைக்கிற வழி ஒண்டு இருக்குது. பெற்றோல் வாடை அடிக்கிற இடத்தில அத மட்டும் செய்யாதீங்க.

இதுக்குத் தேவை ஒரு பிளக் சாவி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு மேலதிக பியூஸ், ஒரு பழைய துணி. எல்லாம் சீட்டுக்கு அடியில அடங்கும்.

இது கராஜ் பாஸின்ட பொழப்பக் கெடுக்கிற கதை இல்ல. பெல்ட், வால்வு, பம்ப் எல்லாம் அவர் கையிலதான். ஆனா 'ஸ்டார்ட் ஆகுதில்ல' எண்டு சொல்லிச் சாவியக் குடுக்கிறதுக்கும், 'செல்ஃப் நல்லாச் சுத்துது பாஸ், பொறி வருது, பிளக் காஞ்சு கிடக்குது' எண்டு சொல்லிக் குடுக்கிறதுக்கும் வித்தியாசம் பில்லில தெரியும். மாத்தின சாமானையும் கையில கேட்டு வாங்குங்க. தங்கச்சி எதுக்கு இதெல்லாம் எண்டு கேட்டா, பாக்கத்தான் எண்டு சொல்லுங்க.