மோப்ப நாய் நின்ற இடத்துக்குப் பிறகு

‘மோப்ப நாய் சிறிது தூரம் ஓடிச்சென்று நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. தடயவியல் நிபுணர்கள் வந்து தடயங்களைச் சேகரித்தனர்.’ கொலைச் செய்தி எழுதும் நிருபர் எவருக்கும் இந்த இரண்டு வரிகளும் மனப்பாடம். நாய் எங்கே நின்றது என்பதை விடாமல் எழுதும் நாம், சேகரித்த தடயம் அதன் பிறகு எங்கே போனது என்று கேட்டதில்லை. பல வழக்குகளின் உயிர் அந்த வழியில்தான் போகிறது.

சுருளி அருவி வழக்கு இதற்குச் சாட்சி. 2011 மே மாதம் தேனி மாவட்டத்தில் அருவிப் பக்கம் போன ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. கைதானவருக்கு விசாரணை நீதிமன்றம் 2018இல் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன. ஆனால், டிஎன்ஏ முடிவு என்ற பெரிய தூணே சாய்ந்ததற்குக் காரணம், மாதிரி ஆய்வகம் சேர்வதில் நேர்ந்த தாமதத்துக்கும், அதுவரை அது எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதற்கும் சரியான விளக்கம் இல்லாததுதான். தூக்குக் கயிற்றின் நிழலில் ஏழாண்டு இருந்தவர் வெளியே வந்தார். செய்தது யார் என்று அந்த இரு வீட்டாருக்கும் 14 ஆண்டு கழித்தும் பதில் இல்லை.

குறை ஆய்வகத்தின் கருவியில் இல்லை. சம்பவ இடத்திலும் காவல் நிலைய அலமாரியிலும்தான் இருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகரில் 1910இல் காவல் துறைக்கென ஆய்வகம் அமைத்த எட்மண்ட் லோகார்ட் சொன்ன அடிப்படை எளிது: ஒன்றோடு ஒன்று பட்டால், இதன் துணுக்கு அதிலும் அதன் துணுக்கு இதிலும் ஒட்டும். இது குற்றவாளிக்கு மட்டுமான விதியல்ல. எட்டிப்பார்க்க வரும் பக்கத்து வீட்டுக்காரருக்கும், ஆறுதல் சொல்ல வரும் எம்எல்ஏவுக்கும், கேமராவோடு முண்டியடிக்கும் எங்களுக்கும் பொருந்தும். நம் சினிமாவில் இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கத்தியை அலுங்காமல் எடுப்பார். நாளெல்லாம் பாக்கெட்டில் கசங்கிய அந்தக் கைக்குட்டை ரேகையைத் தேய்த்துவிடும். போதாததற்கு இன்ஸ்பெக்டரின் வியர்வையையும் கத்தியில் பூசிவிடும்.

இரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் சில நாளில் பூஞ்சை பூத்து டிஎன்ஏ சிதையத் தொடங்கும். நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையில் இட்டு, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டு அரக்கு வைக்க வேண்டும். வேண்டியது ஒரு கொடிக்கயிறு, சில காகித உறைகள், பூட்டு போட்ட ஓர் அறை. கோடிகளில் வாங்கும் கருவிக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருகிறது. இந்த அறைக்கு எவரும் நிதி கேட்பதில்லை.

இத்தனைக்கும் நாம் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்ல. 1849லேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் இருந்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழகத் தடய அறிவியல் துறையின் ப. சந்திரசேகரன், சிதறிக்கிடந்த துணிக் கிழிசல்களையும் மின்கலத் துண்டுகளையும் பொறுக்கிச் சேர்த்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டிய பெல்ட்டில் இருந்தது என்று காட்டினார். அங்கேயே இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சிதையாமல் கைக்கு வந்தது. அதிலிருந்த 10 படங்கள் வழக்கின் திசையையே காட்டின. யாராவது அந்தக் கேமராவை ‘பத்திரமாக’ வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால்?

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை பெறத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் எடுப்பதையும், அதை ஒளிப்பதிவு செய்வதையும் கட்டாயமாக்குகிறது. கூடவே, இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசமும் தருகிறது. எந்த மாநிலமும் இந்த அவகாசத்தைக் கடைசி நாள் வரை இழுக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற பதில் வரும். உண்மைதான், காலையில் பந்தோபஸ்து, மதியம் நீதிமன்றம், இரவு ரோந்து என்று ஓடுகிறவரிடம் நுண்ணிய வேலையை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் உட்கோட்டம்தோறும் சம்பவ இடத்துக்கென்றே பயிற்சி பெற்ற, பந்தோபஸ்துக்கு இழுக்கப்படாத தனிக் குழு வேண்டும் என்கிறோம்.

சுருளி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் விதி வகுத்தது: டிஎன்ஏ மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும், கை மாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும். நல்ல விதிதான். ஆனால், மகசர்களின் கதை நமக்குத் தெரியும். நிலையத்தில் உட்கார்ந்து எழுதிய மகசரில் கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் கையெழுத்திட்டு, குறுக்கு விசாரணையில் திணறுவது நீதிமன்றங்களுக்குப் பழகிய காட்சி. இந்தப் பதிவேடும் குற்றப்பத்திரிகைக்கு முந்தின இரவு, ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதப்பட்டால் ஏட்டுச் சுரைக்காய்தான். கை மாறும்போதே நேரம் பதிவாகும் படம் எடுத்து, அன்றே நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால் மறுக்காமல் நகல் தர வேண்டும்.

எங்கள் பங்குக்கு, நிருபர்களிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கச் சொல்லியிருக்கிறோம்: பொட்டலம் எந்தத் தேதியில் ஆய்வகம் சேர்ந்தது?