மெட்ஃபார்மின் போட்டால் இளைக்குமா?

இளைக்கும், ஆனால் ஆசைப்படுகிற அளவுக்கு இல்லை. இரண்டு கிலோ, மிஞ்சினால் மூன்று. பலருக்கு அதுவும் கிடையாது. எனக்குப் பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, இருக்கிறது, பல வருடங்களாக மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை விழுங்குகிறேன் என்று இந்தப் பத்தியில் எப்போதோ ஒருமுறை எழுதிவிட்டேன். அன்றிலிருந்து மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் எங்கள் புளோக்கின் மின்தூக்கியில், ஜூரோங் பாயிண்ட்டில் காசு கட்டும் வரிசையில், தேக்காவில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் இடத்தில். "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று குரலைத் தாழ்த்தினாலே எனக்குத் தெரிந்துவிடும், கேள்வி எடையைப் பற்றியது.

எங்கள் மேல்மாடிப் பெண்ணும் அப்படித்தான் கேட்டாள். இருபத்தேழு வயது. துவாஸில் தொழிற்சாலை வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. ஏதோ ஒரு கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து, பிசிஓஎஸ் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாகிடும்" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"மூணு மாசம் போட்டேன்க்கா. அரைக் கிலோகூட எறங்கல. நிறுத்திட்டேன்."

"பீரியட்ஸ்?"

"அது வந்துச்சு. மாசா மாசம் ஒழுங்கா வந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"நாலு மாசத்துக்கு ஒரு தடவை வரும். சில சமயம் அதுவும் வராது."

"அப்புறம் ஏன்மா நிறுத்தின?"

"எடைதான் குறையலையே."

இந்த வாரம் முழுக்க அந்தப் பதில்தான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் அந்த வேலை என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னது எடையைப் பற்றி மட்டும். அவளும் எடைக்கருவியில் ஏறிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

பிசிஓஎஸ்ஸில் நடப்பது சுருக்கமாக இது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. மற்ற உறுப்புகள் அசட்டையாக இருந்தாலும் சினைப்பை மட்டும் அந்தக் கூடுதல் இன்சுலினுக்கு உடனே இணங்கி, டெஸ்டோஸ்டிரோனை அதிகமாக உற்பத்தி செய்கிறது. கருமுட்டைகள் பாதி வளர்ந்த நிலையில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்து கோத்ததுபோலத் தெரிவது அவைதான். முட்டை வெளிவராவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும். தாடையில் முடி, முகப்பரு, தலையில் முடி உதிர்வு எல்லாம் அந்த டெஸ்டோஸ்டிரோனின் கைவரிசை. மெட்ஃபார்மின் கைவைப்பது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில். கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது, இன்சுலின் அளவு இறங்குகிறது, சிலருக்கு முட்டை வளர்ச்சி திரும்புகிறது. எடை குறைந்தால் அது உபரி.

மாதவிடாய் வராமலிருப்பதைச் சிலர் வசதி என்றுகூட நினைக்கிறார்கள். மாதக்கணக்கில் வராவிட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டால் கருப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. ஆகவே மேல்மாடிப் பெண்ணுக்கு மாசா மாசம் வந்தது சின்ன விஷயமில்லை. அரைக் கிலோவைவிடப் பெரிய விஷயம்.

எடை இறங்காமலே இந்த மாத்திரை வேலை செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி சென்னையிலிருந்தே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேர். பிசிஓஎஸ் நோயாளிகள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் ஆண்கள். ஆனால் கோளாறின் வேர் ஒன்றுதான். எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40 விழுக்காட்டினருக்கு. கொடுத்த அளவும் சொற்பம், பெரும்பாலோருக்கு 250 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. இதில் என்னை நிறுத்திப் படிக்கவைத்தது, இவ்வளவும் எடையில் சொல்லும்படியான குறைவு இல்லாமலே நடந்தது என்பது. நடந்து நடந்து ஒரு கிலோகூட இறங்கவில்லை என்று அழுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்த ஆய்வை அச்சடித்துக் கொடுக்கலாம்.

எடைக்கருவியை நம்ப முடியாததற்கு நம் உடம்புவாகும் ஒரு காரணம். 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின், இருவரும் அருகருகே. இருவருக்கும் உடல் எடைக் குறியீடு அச்சு அசலாக 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் எத்தனையோ பேர் யாஜ்னிக்தான். ஆசியர்களுக்கு எடைக் குறியீட்டின் எல்லையை எங்கே வைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் நிபுணர்களைக் கூட்டிப் பேசியது இங்கேதான், சிங்கப்பூரில். அதன் பிறகு இங்கே 23ஐத் தாண்டினாலே கவனம், 27.5ஐத் தாண்டினால் அதிக அபாயம் என்று ஆனது. ஒல்லியான பெண்ணுக்குப் பிசிஓஎஸ் வராது என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வரும். அந்த ஒல்லிப் பெண்களிடம் எடையைக் குறைக்கச் சொல்லவும் முடியாது.

'எடையைக் குறைத்துக்கொண்டு வா' என்ற வாக்கியத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அது பொய் இல்லை. எடையில் ஐந்து, பத்து விழுக்காடு குறைந்தால் மாதவிடாயும் சர்க்கரையும் சீராகிறவர்கள் உண்டு. ஆனால் இன்சுலின் கூடியிருக்கிற உடம்பில் எடை சுலபமாக ஏறும், இறங்க அடம்பிடிக்கும். நோயின் ஒரு விளைவையே கட்டணமாகக் கேட்டால் எங்கிருந்து கட்டுவது? 2023இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டி, எடையைச் சொல்லிப் பெண்களைக் குத்திக்காட்டுவது அவர்கள் உடலையும் மனத்தையும் பாதிப்பதை உணர வேண்டும் என்று எழுதியது. பிசிஓஎஸ்ஸுக்கு இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்று சொல்ல ஆதாரமில்லை என்றும் சொன்னது. கீட்டோ, பேலியோ, சோறே தொடாதே என்று சமூக ஊடகத்தில் முழங்குகிறவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. என் பங்குக்குச் சொன்னால், பூன் லே பிளேஸில் நாசி லெமாக்குக்கு நான் இன்னும் வரிசையில் நிற்பேன். கூட வாங்குவது சர்க்கரை போடாத தே ஓ கோசோங்.

மாத்திரை வயிற்றைக் கலக்கும் என்பதை மட்டும் யாரும் மறைக்கக் கூடாது. முதல் வாரங்களில் பூன் லேயிலிருந்து நகரத்துக்கு எம்ஆர்டியில் போகும்போது எந்த நிலையத்தில் கழிவறை எந்தப் பக்கம் என்று எனக்கு மனப்பாடம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுவது, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவது, அப்போதும் தாங்கவில்லையென்றால் மெதுவாகக் கரையும் வகையை மருத்துவரிடம் கேட்பது. பாதிப் பேர் நிறுத்துவது இது தெரியாமல்தான் என்று நினைக்கிறேன். நாள்பட எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் அதை ரத்தப் பரிசோதனையில் சேர்க்கச் சொல்வது நல்லது. இன்னொன்று, மாதவிடாய் திரும்பினால் கருத்தரிக்கும் வாய்ப்பும் திரும்புகிறது. 'எனக்குத்தான் நீர்க்கட்டி ஆச்சே' என்று அலட்சியமாக இருந்தவர்கள் திகைத்துப் போனதுண்டு. குழந்தைதான் வேண்டும் என்றால் மெட்ஃபார்மினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதலில் பேச வேண்டிய மாத்திரை லெட்ரோசோல். 2014இல் வந்த அமெரிக்க ஆய்வில் 750 பெண்கள். பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது.

இப்போது எல்லார் வாயிலும் எடை குறைக்கும் ஊசியின் பேச்சு. மேல்மாடிப் பெண்ணின் அடுத்த கேள்வியும் அதுதான். மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்துவிட்டது, அண்ணன் சென்னையிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லட்டுமா என்றாள். எடையைக் குறைப்பதில் இந்த ஊசிகளுக்குப் பக்கத்தில் மெட்ஃபார்மின் நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். செமாக்ளூடைட் என்ற இன்னொரு ஊசி பற்றி 2021இல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு இறங்கியது. நிறுத்திய ஓராண்டில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியது. எத்தனை வருடம் போடுவது, மாதாமாதம் அந்தச் செலவை யார் தாங்குவது என்ற கணக்கை முதல் ஊசிக்கு முன்பே போட வேண்டும். குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாக்ளூடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். மவுஞ்சாரோவில் இருக்கும் டிர்செப்படைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக் கூடும். மாதவிடாயைச் சீராக்கக் கருத்தடை மாத்திரை எடுக்கும் பிசிஓஎஸ் பெண்கள் ஏராளம், அவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குளிரில் வைக்க வேண்டிய மருந்தைத் துணிமணிக்கு நடுவே சுருட்டி, மருத்துவர் கண்ணில் படாமல் போட்டுக்கொள்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வேண்டுமென்றால் இங்கேயே கேள், கேட்பதில் வெட்கமில்லை என்றேன்.

பேசும்போது அவள் கழுத்தைப் பார்த்தேன். பிடரியில் கருப்பு. நம் வீடுகளில் அதற்கு என்ன வைத்தியம்? கடலை மாவு, எலுமிச்சம்பழம், 'கழுத்தை நல்லா தேய்ச்சுக் குளிடி' என்ற திட்டு. அது அழுக்கு இல்லை. இன்சுலின் கூடியிருப்பதைத் தோல் எழுதிக் காட்டுகிறது. எத்தனை தாய்மார்கள் எத்தனை வருடம் தேய்த்திருப்பார்கள்! பதின்வயதில் அந்தக் கருப்பைப் பார்த்த அன்றே யாராவது ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் போதுமே.

அவள் கேட்க வேண்டியதும் அந்தப் பரிசோதனையைத்தான். பிசிஓஎஸ் என்று தெரிந்ததும், எடை எதுவானாலும், சர்க்கரைக் கரைசலைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையைச் செய்ய வேண்டும், ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த 2023 வழிகாட்டி. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் பலருடையது தப்பிவிடும். சிங்கப்பூர் 2016இலேயே நீரிழிவின் மீது போர் தொடுத்த நாடு. பானங்களுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் ஒட்டுகிறோம். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற நோய்த்தடுப்புத் திட்டமும் நல்லதுதான், ஆனால் அது நாற்பது வயதில் தொடங்குகிறது. மேல்மாடிப் பெண்ணின் அம்மாவுக்கு அழைப்பு வந்துவிட்டது. மகளுக்கு வர இன்னும் பதின்மூன்று வருடம். பிசிஓஎஸ் பெண்கள் பலருக்கு நீரிழிவு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. வயதை மட்டும் வாசற்படியாக வைத்தால் இவர்கள் வெளியேதான் நிற்பார்கள். பிசிஓஎஸ் என்று பதிவான பெண்ணுக்கு இருபதுகளிலேயே அழைப்பு அனுப்புவதில் என்ன சிரமம் என்று எனக்கு விளங்கவில்லை.

அதுவரை அவளே போய்க் கேட்க வேண்டியதுதான். பயனியர் பலதுறை மருந்தகம் பக்கத்தில்தான் இருக்கிறது. பழைய மாத்திரை அட்டையைக் கொண்டுபோ, மூன்று மாதமும் மாதவிடாய் வந்த தேதிகளை எழுதிக்கொண்டுபோ, நிறுத்தியதையும் மறைக்காமல் சொல் என்றேன். இரவு வேலை முடித்து நேரே அங்கே போய்விடாதே, பகல் வேலை வாரத்தில் விடுப்பு நாளாகப் பார்த்துப் போ என்றும் சொன்னேன். முந்தின இரவு தூங்கியிருக்க வேண்டும், எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்தக் கரைசல் குமட்டும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும்.