புத்தகமா? பூச்சி மாத்திரையா?

ஏழைப் பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும். அதற்கு என்ன செய்யலாம்?

"புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்" என்பார் ஒருவர். "நல்ல கட்டிடம் கட்டலாம்" என்பார் இன்னொருவர். "வாத்தியார்களை அதிகம் போடலாம்" என்பார் மூன்றாமவர்.

மூவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால், ஏழை நாட்டின் கஜானாவில் இருக்கும் பணமோ கொஞ்சம். அதை எதில் போடுவது?

இந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்லக் கூடாது. சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டின் கிராமப் பள்ளிக்கூடங்கள் புகட்டிய பாடம் இது.

பலிக்காத புத்தகம்

கென்யாவின் மேற்குக் கோடியில், உகாண்டா நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது பூசியா. விவசாயிகள் வாழும் பகுதி. 1990-களில் அங்கே பல பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு புத்தகம் இருந்தாலே பெரிது.

ஒரு தொண்டு நிறுவனம் உதவ முன்வந்தது. 1996-ம் ஆண்டில் 25 பள்ளிகளுக்குப் பாடப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தது.

மைக்கேல் கிரெமர் என்ற பொருளாதார நிபுணர், அமெரிக்காவைச் சேர்ந்தவர். இளம் வயதில் கென்யாவில் வாத்தியாராக வேலை பார்த்தவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும், புத்தகம் கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இது விவசாயிகளுக்குத் தெரிந்த வித்தைதான். ஒரு வயலுக்கு எரு போட வேண்டும். அதே மாதிரியான இன்னொரு வயலுக்குப் போடாமல் விட வேண்டும். அறுவடையின்போது இரண்டு களத்திலும் நெல்லை அளந்தால், எருவின் பலன் தெரிந்துவிடும்!

பள்ளிகளில் அளந்தபோது என்ன தெரிந்தது? புத்தகம் கிடைத்த பள்ளிகளில் சராசரி மார்க் உயரவில்லை. ஏற்கனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மட்டுமே நன்மை கிடைத்தது.

ஏன் அப்படி? புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. முதலில் தாய்மொழி. அடுத்து சுவாகிலி. அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். புத்தகம் கையில் இருந்தது, படித்தால் புரியவில்லை!

கொடுத்தவர்களின் மனதில் குறை இல்லை. ஆனால், நல்ல மனது மட்டும் போதவில்லை.

வயிற்றில் இருந்த தடை

அடுத்து, பிள்ளைகளின் வயிற்றைக் கவனித்தார்கள்.

வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளை சோர்ந்து கிடக்கும். நம் பாட்டிமார் அறிந்த விஷயம்தான் இது. வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தது அதற்காகத்தானே! பூசியாவில் பெரும்பாலான பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி இருந்தது. வெறுங்காலோடு நடக்கும்போது, கொக்கிப் புழு தோல் வழியாக உள்ளே போய்விடும். ரத்தத்தை உறிஞ்சும்.

1998-ம் ஆண்டில் கிரெமரும் எட்வர்டு மிகுவல் என்ற நிபுணரும் 75 பள்ளிகளில் சோதனையைத் தொடங்கினார்கள். அவற்றில் 30 ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். பள்ளிகளை 3 பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவுக்கு 1998-ல் மாத்திரை. இரண்டாவது பிரிவுக்கு 1999-ல். மூன்றாவது பிரிவுக்கு 2001-ல்.

"சில பிள்ளைகளைக் காக்க வைப்பது பாவம் இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். ஒரே நாளில் எல்லாருக்கும் கொடுக்க வசதி இல்லை. எப்படியும் சிலர் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மாத்திரை கொடுத்த பள்ளிகளில், பிள்ளைகள் வராமல் இருப்பது நாலில் ஒரு பங்கு குறைந்தது! மாத்திரை சாப்பிடாத பிள்ளைகளுக்கும் நன்மை கிடைத்தது. மண்ணில் விழும் புழு முட்டைகள் குறைந்ததே அதற்குக் காரணம்.

செலவு எவ்வளவு? ஒரு பிள்ளை கூடுதலாக ஓராண்டு பள்ளிக்கு வருவதற்குச் சுமார் மூன்றரை டாலர் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

சின்னக் கட்டணம், பெரிய நஷ்டம்

"இலவசமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது. கொஞ்சம் காசு வாங்கினால்தான் பொறுப்பு வரும்" என்று சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

அதையும் சோதித்தார்கள். 2001-ல் சில பள்ளிகளில் பெற்றோரிடம் ஒரு சிறு தொகை கேட்கப்பட்டது. அங்கே மருந்து சாப்பிட்டவர்கள், இலவசப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் 80 சதவீதம் குறைந்துபோனார்கள்! செருப்புப் போடுவது, கை கழுவுவது பற்றிப் பாடமும் நடத்தினார்கள். அதனால் பிள்ளைகளின் பழக்கம் மாறவில்லை.

கணக்கைத் திருத்தினார்கள்

இந்த ஆராய்ச்சி குறையே இல்லாததா? இல்லை. பள்ளிக்கு வருவது கூடியதே தவிர, பரீட்சை மார்க் கூடவில்லை. 2015-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்து, சில பிழைகளைக் கண்டார்கள். நிபுணர்களுக்குள் பலத்த விவாதம் நடந்தது.

ஆனால், இதுவே இந்த முறையின் பெருமை! கணக்கு எல்லார் கண்முன்னாலும் இருந்தது. அதனால்தான் பிழையைக் காட்ட முடிந்தது. மேடைப் பேச்சில் உள்ள பிழையை யார் இப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆன பிறகும் அவர்களைத் தேடிப் போனார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதலாக மருந்து கிடைத்தவர்கள், மணிக்கு 13 சதவீதம் அதிகமாகச் சம்பாதிப்பதாக 2021-ல் தெரிவித்தார்கள்.

கென்ய அரசு 2009-ல் பள்ளிகளில் பூச்சி மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2015-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. கிரெமருக்கு 2019-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. உலக வறுமையைக் குறைக்க இத்தகைய சோதனைகளை நடத்தியதற்காக, மும்பையில் பிறந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டப்ளோ ஆகியோருடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

அரசுகள் செய்ய வேண்டியது

பூசியாவில் பலித்தது எல்லா ஊரிலும் அப்படியே பலிக்கும் என்று நினைக்கக் கூடாது. பூச்சி குறைவாக உள்ள ஊரில் மாத்திரையின் பலனும் குறைவாகத்தான் இருக்கும். கென்யாவிடம் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மாத்திரையை மட்டும் அல்ல. அளந்து பார்க்கும் பழக்கத்தை.

ஒரு திட்டத்துக்குக் கோடி கோடியாகச் செலவிடும் முன், சில ஊர்களில் செய்து பார்க்க வேண்டும். பலனை அளக்க வேண்டும். கிடைத்த முடிவை, கசந்தாலும், மக்களுக்குச் சொல்ல வேண்டும். பலிக்காததை நிறுத்தும் துணிவும் வேண்டும்.

துணி தைப்பவர் கூட அளவு எடுத்த பிறகுதான் கத்தரியை எடுக்கிறார். ஏழைப் பிள்ளையின் வாழ்க்கைக்கு, ஒரு சட்டைக்குக் கொடுக்கும் கவனமாவது கொடுக்க வேண்டாமா?