கேட்டறிந்து சொல்லும் உண்மை

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு மின்தொடர் வண்டி நிலையம் உண்டு. நாள்தோறும் அதைக் கடப்போரில் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோயாளர்களுக்கு விடுதி அமைத்தபோது அந்நோயைத் தீர்க்கும் மருந்தே இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல்தான். அதன் பின்னரும், 1948இல், புதுமைப்பித்தனைக் காசநோய்க்கு நாம் பறிகொடுத்தோம். தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு, பரிவான கவனிப்பு ஆகியவையே அன்றைய மருத்துவம். 1993 முதல் அங்கே சேர்க்கப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும், 2004இல் அரசின் இலவசக் கூட்டுமருந்து வரும்வரை, பெரும்பாலும் கிடைத்தது அக்கவனிப்பே.

குணப்படுத்த இயலாத நிலையிலும் செய்வதற்கு நிறைய உண்டு என்பதற்கு இவ்வரலாறே சான்று. ஆயினும், "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்ற சொற்களை இன்றும் கேட்கிறோம். அது உண்மையன்று. வலியை மார்பின் தணிக்கும். மூச்சுத்திணறலையும் படுக்கைப்புண்ணையும் கவனிக்க வழியுண்டு.

அதைவிடக் கடினமானது பேச்சு. மருத்துவர் உறவினரைத் தனியே அழைத்துச் சொல்கிறார். உறவினரோ, "அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று வேண்டுகிறார். அன்பினால் எழும் அச்சம் அது, பழிக்கத் தக்கதன்று. ஆனால் தம் உடலின் தளர்ச்சியை அப்பா அறியாதவரா? அவரும் பிள்ளைகளுக்காக அறியாதவர்போல் இருந்துவிடுகிறார். பிணங்கிய தம்பியை அழைப்பதும், சொந்த ஊரை ஒருமுறை காண்பதும், எங்கே இறக்க விரும்புகிறார் என்பதும் பேசப்படாமலே போகின்றன.

உண்மையைக் கேட்டால் நோயாளி மனமுடைந்துபோவார் என்பர் சிலர். உண்மையை முகத்தில் எறிய வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. "உங்கள் நோயைப் பற்றி என்ன அறிவீர்கள்? மேலும் அறிய விரும்புகிறீர்களா, அல்லது வீட்டாரிடம் பேசட்டுமா?" என்று முதலில் அவரையே கேட்கலாம். வேண்டாமென்றால் அதுவும் அவர் உரிமை. அவருக்காக அதை நாம் முடிவு செய்வதுதான் தவறு.

கேரளம் 2008லேயே இதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுதேடி வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. செவிலியர் வீட்டு வாசல்வரை வந்துவிடலாம். ஆனால் கட்டிலருகே அமர்ந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் கடமை நம்முடையது. அதற்கு மருந்துச்சீட்டு தேவையில்லை.