கண்ணாடி முன் நிற்கும் துணிவு

“தன் முகத்தைத் தானே வரைவது செருக்கு” என்போர் நம்மிடையே உளர். புனிதர்களை வரைவது பக்தியாம். பூவையும் கிளியையும் வரைவது பொழுதுபோக்காம். தன்னை வரைவது மட்டும் தன்னையே வழிபடுவதாம். பக்தியின் போர்வையில் உலவுவதால் இக்கருத்தை எவரும் மறுப்பதில்லை. நாம் மறுக்கிறோம்.

மூக்கும் விழியும் அளவு பிசகாமல் அமைந்துவிட்டால் மட்டும் தன்னுருவ ஓவியம் ஆகிவிடாது. உள்ளத்தில் ஓடுவது முகத்தில் தெரியுமே, அதைக் கோட்டில் பிடிப்பதே அக்கலையின் உயிர். ஆலந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1630ஆம் ஆண்டில் கண்ணாடி முன் நின்று, வாயைப் பிளந்தும், புருவத்தை நெரித்தும், விழிகளை அகல விரித்தும், சிரித்தும் தம் முகத்தைச் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். அவற்றுள் சில 5 சென்டிமீட்டர் உயரமே உள்ளவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. தன்னை அழகனாகக் காட்ட விரும்புகிறவன் இவ்வாறு வாய் பிளந்து நிற்பானா? அச்சம் வந்தால் புருவம் எவ்வளவு ஏறுகிறது, வேதனை வந்தால் உதட்டோரம் எங்கே இறங்குகிறது என்பதை அந்த இளைஞர் தம்மிடமே கற்றுக்கொண்டிருந்தார். ஆண்டவரை மறுதலிக்கும் பேதுருவையும், திரும்பி வந்த ஊதாரி மகனைத் தழுவும் தந்தையையும் முதுமையில் வரைந்த கை, பயிற்சி பெற்றது இங்கேதான்.

மறுப்போர் ஒரு சான்று காட்டக்கூடும். 1640இல், 34ஆம் வயதில் வரைந்த படத்தில் அவர் விலையுயர்ந்த உடையணிந்து நிமிர்ந்து நிற்கிறாரே, அது செருக்கு இல்லையா என்பர். இருக்கலாம். விற்பனையைக் கருதியும் அவர் தம் முகத்தை வரைந்திருப்பார் என்று ஆய்வாளர் கூறுவதும் உண்மை. ஆனால் அந்தப் படம் உள்ள இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலேயே, 1669இல் தம் 63ஆம் வயதில் அவர் வரைந்த படமும் உள்ளது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவை எத்தனை! 1642இல் மனைவி சாஸ்கியா இறந்தார். 1656இல் கடன் கழுத்தை நெரிக்க, உடைமைகள் ஏலத்துக்குப் போயின. 1668இல் மகன் டைட்டசும் மறைந்தார். 63 வயது முகத்தில் கண்ணுக்குக் கீழே தொங்கும் தசையையோ, தடித்த மூக்கையோ, நரைத்த தலையையோ அவர் மறைக்கவில்லை. முதலில் கையில் தூரிகையை வரைந்திருந்தார் என்றும், பின்னர் அதை அழித்துக் கைகளைக் கோத்து வைத்தார் என்றும் ஊடுகதிர்ப் படம் காட்டுகிறது. அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். செருக்குடையவனாயின் 34 வயதுப் படத்தோடு நிறுத்தியிருப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1633ஐ ஒட்டி அவர் வரைந்த ‘சிலுவையை உயர்த்துதல்’ என்னும் ஓவியம் மியூனிக் நகரில் உள்ளது. அதில் ஆண்டவரின் சிலுவையைத் தூக்கி நிறுத்துவோருள் ஒருவன், நீலத் தொப்பி அணிந்த ஓவியன். அந்த முகம் ரெம்பிராண்டின் முகமே. “நானும் இதைச் செய்தேன்” என்று தூரிகையால் கூறியவரையா தற்பெருமைக்காரர் என்பது?

தம் பாவங்களையும் கண்ணீரையும் உலகறிய எழுதி வைத்த புனித அகுஸ்தினாரை எவரேனும் செருக்குற்றவர் என்றதுண்டா? எழுதுகோலுக்கு உள்ள உரிமை தூரிகைக்கு ஏன் இல்லை? புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எவனைக் குறை கூறுகிறார்? கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, அகன்றதும் தன் சாயலை மறந்துபோகிறவனை. ஓவியனோ அகலாமல் மணிக்கணக்கில் நிற்கிறான்; மறக்க மறுக்கிறான்.

செருக்கைத் தேடுவோர், திருவிழா நாள்களில் ஆலய வாயிலில் பாதுகாவலரின் உருவத்தைவிடப் பெரிதாக எழும் விளம்பரப் பதாகைகளில் தேடட்டும். விழா மலர்களின் பக்கங்களை நிறைக்கும் முகங்களிலும் தேடட்டும். அருட்பணியாளர் முகங்களும் அதற்கு விலக்கல்ல. கைப்பேசியில் தன்னைப் பத்து முறை படமெடுத்து, புன்னகை பிசகிய ஒன்பதையும் அழித்துவிடும் இளையோரைக் கண்டு பெரியோர் முகம் சுளிக்கின்றனர். வாடிய முகத்துக்கு இங்கே இடமில்லை என்று அவர்களுக்குக் கற்றுத்தந்தவர் யார்? ஓவிய வகுப்பில் ஒரு சிறுமி தன் அழுத முகத்தை வரைந்தால், “நல்ல படமாக ஒன்று வரையக் கூடாதா?” என்று தாளைத் திருப்பி வைப்பவர் யார்? புன்னகையை மட்டுமே காட்டப் பழகிய பிள்ளை, துயரம் வரும் நாளில் எவரிடம் போய் எந்த முகத்தைக் காட்டும்?

ஆகவே பெற்றோரையும் மறைக்கல்வி ஆசிரியர்களையும் வேண்டுகிறோம்: பிள்ளைகளின் கையில் ஒரு கண்ணாடியும், தாளும், கரித்துண்டும் கொடுங்கள். விளக்கை ஒரு பக்கமாக வையுங்கள். பாதி முகம் நிழலில் இருக்கட்டும். கோடு கோணினால் திருத்த விரையாதீர்கள். ‘உன்னைப்போல் இருக்கிறதா?’ என்று கேட்பதை விடுத்து, ‘இன்று உன் முகம் என்ன சொல்கிறது?’ என்று கேளுங்கள். கேட்டபின், பிள்ளை விடை சொல்லும்வரை அருகிலேயே அமர்ந்திருங்கள்.